கடைக் கணனி மெதுவானால் முதலில் எங்கே பார்ப்பது?

சென்ற இரு வாரங்களும் கடன் வசூல் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியாக இந்த வாரம் எழுத நினைத்த விடயத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எனது கடையில் நடந்த ஒரு சங்கதியை எழுதுகிறேன். கணனி சம்பந்தப்பட்டது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடையில் ஒரு சேர்வரை வைத்துக்கொண்டு பில் அடிக்கும் எல்லோருக்கும் இது ஒரு நாள் வரும்.

தெல்லிப்பழையில், காங்கேசன்துறை வீதியோரமாக எனது கட்டடப் பொருட் கடை இருக்கிறது. 2009 இன் பின் வலிகாமம் வடக்கில் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட, சனம் திரும்பி வந்து இடிந்த வீடுகளைக் கட்டத் தொடங்கிய காலத்தில் ஆரம்பித்த வியாபாரம். சீமெந்து, கம்பி, தகரம், ஓடு, பெயின்ற் என்று எல்லாம் உண்டு. பாதி விற்பனை கடனுக்குத்தான். வீட்டுத்திட்டக் காசு கட்டங்கட்டமாக வரும், வெளிநாட்டில் இருக்கும் மகன் மாதாமாதம் அனுப்புவார். அதுவரை நமது கொப்பியில் நிற்கும். இப்போது அந்தக் கொப்பி சேர்வருக்குள் இருக்கிறது.

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், வயதான ஒரு அம்மா கடைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் நாங்கள் அனுப்பிய நிலுவைத் துண்டு. "தம்பி, நான் ஒருக்காத்தானே சீமெந்து எடுத்தனான்? ரெண்டு தரம் போட்டிருக்கிறியள்" என்றார். பார்த்தேன். 40 பை சீமெந்து, ஒரே நாள், ஒரே ஆள், இரண்டு பில். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை நிமிடம். களஞ்சியத்திலிருந்து போனதோ 40 பைதான். திருத்திக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே போனார். அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

கெஷியர் பையனைக் கூப்பிட்டு ஆட்கள் முன்னிலையிலேயே ஏசினேன். ஊர்ப் பையன், இருபத்திரண்டு வயது. "முதலாளி, நான் அமத்தினா உடன சேவ் ஆகுதில்லை. சில நேரம் ஆகுது, சில நேரம் அப்பிடியே நிக்குது. ஆக்கள் வரிசையில நிக்கினம், திருப்பி அமத்துறன்" என்றான். நான் அதைக் காதில் போடவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு பில் போட்டால் இப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். மாதம் முடிய நின்றுகொள் என்பது வரைக்கும் வாயில் வந்துவிட்டது.

எனது பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இரண்டு மணி நேர அவகாசம். வாப்பாவின் கடன் கொப்பிகள் கடை மேசையின் லாச்சியிலேயே கிடந்தன. யார் எமக்குத் தரவேண்டும் என்பதை விட, நாம் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பது தெரியாமற் போனதுதான் புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் வாப்பாவை வருத்தியது. கணக்கு என்பது அமானிதம். ஆகவே ஒவ்வொரு இரவும் கடை பூட்டும்போது சேர்வரில் உள்ளதை வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது எனது வழக்கம். ஸ்கான் செய்த பில்கள், கையெழுத்துகள் எல்லாம் சேர்ந்து 120 ஜிகாபைட் அளவில் வரும். முன்பு 25 நிமிடத்தில் முடியும். இப்போது ஐந்து மணித்தியாலம் சென்றும் முடியவில்லை. இடையில் கரண்ட் போனால் அந்த இரவின் பிரதி இல்லை.

யாழ்ப்பாண நகரில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, சேர்வர் பழசு, புதிதாகப் போடுங்கள் என்று ஏழு இலட்சத்துக்கு மேல் விலை எழுதித் தந்தார். கையொப்பமிட இருந்தேன். அந்த வாரம் புத்தளத்திலிருந்து எனது மருமகன் வந்திருந்தார். கணனி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவர். "மாமா, புதுசு வாங்க முன்னம் எது மெதுவெண்டு பாப்பம்" என்றார்.

அவர் செய்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இதில் செலவு எதுவுமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

முதலில் பில் அடிக்கும் கணனியிலிருந்து சேர்வரில் உள்ள 10 ஜிகாபைட் கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்தார். 14 நிமிடம் சென்றது. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 12 மெகாபைட். அந்த எண்ணைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம். நெற்வேர்க் வயர் பழுதானால், 1000 மெகாபிட்டில் போகவேண்டிய இணைப்பு 100 க்கு இறங்கிவிடும். 100 மெகாபிட் என்பது செக்கனுக்குப் பன்னிரண்டரை மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் பிரிக்கவேண்டும், இதில் பலரும் குழம்புவர். ஆகவே எலி கடித்த வயர்தான் என்று முடிவு கட்டினார். வயரை மாற்றினோம். அதே 14 நிமிடம். பிறகு சேர்வருக்கு முன்னாலேயே இருந்து, வயரே இல்லாமல், அதற்குள்ளேயே அதே கோப்பை வாசித்துப் பார்த்தார். அப்போதும் 12. வயர் நிரபராதி. எண் பொருந்தியது தற்செயல்.

விண்டோஸில் ரிசோர்ஸ் மொனிட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் புரொசெசர் பத்து வீதம்கூட வேலை செய்யவில்லை. மெமரியில் பாதி சும்மா கிடக்கிறது. டிஸ்க் பகுதி மட்டும் நூறு வீதத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வேலையும் பதில் வருவதற்கு எடுக்கும் நேரம் சாதாரணமாக 10, 15 மில்லிசெக்கன் இருக்கவேண்டும். எங்களுடையதில் 800, சில வேளை 2000. சேர்வர் பழசு என்றவர் இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், புரொசெசரை மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கே சேர்வரின் அமைப்பைச் சொல்லவேண்டும். உள்ளே 4 டெராபைட் டிஸ்க் நான்கு. நான்கையும் ஒரு அட்டை சேர்த்துக் கட்டி ஒன்றாகக் காட்டுகிறது. ரெய்ட் 5 என்பார்கள். நான்கில் எது செத்தாலும் மிகுதி மூன்றிலிருந்து கணக்கை மீட்டுவிடலாம், ஒரு டிஸ்க்கின் இடம் அந்தக் காப்புறுதிக்குப் போய்விடும். 1988 இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. அதில் வரும் 'ஐ' என்ற எழுத்துக்கு அவர்கள் வைத்த அர்த்தம் 'மலிவான' என்பது. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன் என்பது பின்னால் தெரிந்தது.

ரெய்ட் 5 இல் ஒரு சின்னப் பதிவு எழுதவேண்டுமானால் உள்ளே நான்கு வேலை நடக்கிறது. பழைய பதிவை வாசிக்கவேண்டும், பழைய காப்புக் கணக்கை வாசிக்கவேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுதவேண்டும். இந்தச் சுமையை மறைப்பதற்காக அட்டையில் சிறு மெமரியும், அதைக் காக்க ஒரு பற்றறியும் இருக்கும். பற்றறி செத்துவிட்டால் அட்டை பயந்துபோய், ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 'சரி' என்று சொல்லும். மூன்று நான்கு வருடம் பழகிய சேர்வர் திடீரென்று நத்தை போலானால் பல இடங்களில் இந்தப் பற்றறிதான் காரணம். வாசகர்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். எங்களுடையது நன்றாக இருந்தது.

அவர் மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, தேநீர் கொண்டுவந்த கெஷியர் பையன் மெல்லச் சொன்னான்: "அண்ணை, மற்ற மூண்டு லைற்றும் நிண்டு நிண்டு எரியும். கீழ இருக்கிற லைற் மட்டும் எப்பவும் எரிஞ்சபடிதான்."

பார்த்தோம். உண்மை. கோப்பை வாசிக்கச் சொன்னால் நான்கு லைற்றும் மினுங்குகிறது. வேலை முடிந்ததும் மூன்று அணைகிறது, நான்காவது அணைவதில்லை. விண்டோஸ் நான்கு டிஸ்க்கையும் ஒன்றாகத்தான் பார்ப்பதால் அது இதைக் காட்டவில்லை. அட்டைக்குரிய மென்பொருளைத் திறந்து அதன் பதிவேட்டைப் பார்த்ததும், நான்காவது டிஸ்க்கின் பெயரில் மட்டும் 'நேரத்துக்குப் பதில் வரவில்லை' என்ற குறிப்பு பக்கம் பக்கமாக இருந்தது. அதன் உடல்நிலைச் சோதனையோ 'நல்லது' என்றே சொல்கிறது. சாகவில்லை, மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். நான்கு மாடு பூட்டிய வண்டி நொண்டி மாட்டின் வேகத்தில்தானே போகும்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2022 மார்ச்சில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் அந்த டிஸ்க் செத்தது. டொலர் இல்லாத காலம். அதே மொடல் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக் கணனிக்குப் போடும் சாதாரண டிஸ்க் ஒன்று, அதே 4 டெராபைட், விலையும் குறைவு என்று ஒருவர் தந்தார். வாங்கிப் போட்டேன். மற்ற மூன்றிலிருந்து கணக்கை அதில் திரும்பக் கட்டி முடிக்க மூன்று நாளுக்கு மேல் சென்றது. செக்கனுக்கு 100 மெகாபைட் என்று வைத்தாலும் 4 டெராபைட்டுக்குப் பதினொரு மணித்தியாலம் போதும். அந்த மூன்று நாள் ஒரு முன்னறிவிப்பு. நான் மின்வெட்டின் மீது பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மருமகன் அந்த மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்த்தார். எஸ்.எம்.ஆர். என்ற வகை. இதை நமது தொழிலிலேயே விளங்கப்படுத்தலாம். சாதாரண டிஸ்க்கில் பதிவு வரிகள் நிலத்துக்குப் பதித்த ரைல்ஸ் போல அருகருகே இருக்கும். எந்த ரைல்ஸையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். அந்த ஆங்கிலப் பெயரே கூரை வேய்வதிலிருந்து வந்ததுதான். அதனால் அதே பரப்பில் கூடுதலாக அடக்கலாம், விலை குறையும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்றவேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் கழற்றித் திரும்ப அடுக்கவேண்டும். ஆகவே அந்த டிஸ்க் வரும் பதிவுகளை முதலில் ஒரு மூலையில் போட்டு வைக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் எடுத்து அடுக்கும். சும்மா இருக்க விடாவிட்டால் மூலை நிரம்பிவிடும். பிறகு வாசிக்கக் கேட்டாலும், எழுதக் கேட்டாலும் 'பொறு, அடுக்கிக்கொண்டிருக்கிறேன்' என்ற கதைதான்.

இது ஏமாற்று வேலை அல்ல. படங்களைச் சேமித்து வைக்க, பிரதி எடுத்து வைக்க நல்ல சாமான். வாங்குபவனுக்குச் சொல்லாமல் விற்பதில்தான் பிரச்சினை. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற தனது ரெட் வரிசையில் 2 தொடக்கம் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை ஒப்புக்கொண்டு பட்டியல் வெளியிட்டது. சீகேட், தொஷிபா நிறுவனங்களும் அக்காலத்தில் தமது மொடல்களை வெளியிட்டன. ஆகவே இப்போது மொடல் இலக்கத்தை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சீமெந்து வாங்கும்போது பையில் அடித்திருக்கும் திகதியைப் பார்க்கிற நாம், டிஸ்க்கின் இலக்கத்தைப் பார்ப்பதில்லை.

2022 இல் போட்ட டிஸ்க் ஏன் இப்போது மட்டும் தொல்லை தருகிறது என்று கேட்டேன். அதற்குக் காரணம் நானே. அப்போது வியாபாரம் படுத்திருந்தது, கமராவும் ஆறுதான். கட்டட வேலைகள் மீண்டும் சூடு பிடித்ததும் களஞ்சியத்துக்கும் சேர்த்துக் கமராவைப் பதினாறு ஆக்கினேன். அவ்வளவும் இதே சேர்வரில்தான் பதிகிறது. ஒரு கமராவுக்கு 4 மெகாபிட் என்றால் பதினாறுக்கு 64. செக்கனுக்கு 8 மெகாபைட். பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் இரவு பகல் நிற்காமல் ஒரு நாளுக்கு 690 ஜிகாபைட். அந்த டிஸ்க்குக்கு ஓடு அடுக்க ஒரு நிமிடம்கூட நாம் கொடுக்கவில்லை. சந்தேகம் தீர, அன்றிரவு கமராப் பதிவை நிறுத்திவிட்டுப் படுத்தோம். காலையில் அதே கோப்பு, அதே சேர்வர், செக்கனுக்கு 180 மெகாபைட். பதிவைத் திரும்பத் தொடங்கினோம். பின்னேரமாகும்போது பழைய நிலை.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பையன் தயங்கித் தயங்கி ஒரு கொப்பியைக் கொண்டுவந்தான். நான் ஏசிய நாளிலிருந்து, பில் எப்பொழுதெல்லாம் முற்றாக நிற்கிறதோ அந்த நேரத்தை அவன் டெலிவரிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வந்திருக்கிறான். இரண்டு கிழமைக்குரியது. நான் கேட்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது.

அந்த நேரங்களைப் பார்த்தால் நாள் முழுவதும் பரவி இல்லை. காலை ஒன்பது தொடக்கம் பதினொன்று, பிறகு பின்னேரம் சில. எஸ்.எம்.ஆர். என்றால் நாள் முழுக்க அல்லவா மெதுவாக இருக்கவேண்டும்? மருமகனும் நானும் அந்நாட்களின் பில்களை எடுத்து வைத்துப் பார்த்தோம். பையன் நேரம் குறித்த இடத்திலெல்லாம் கம்பி வெட்டுக்கூலி பில் ஒன்று இருந்தது.

சேர்வர் இருப்பது பின்னறையில், நமது கடையின் ஆங்கிள் அயனில் நானே அடித்த தட்டில், சுவரில் போல்ற் போட்டு இறுக்கியபடி. அந்தச் சுவருக்கு மறுபக்கம் அவ்வருட நடுவில் வாங்கிய கம்பி வெட்டும் மெஷின். ஆளை விட்டு மெஷினைப் போடச் சொன்னோம். 12 இல் இருந்த வேகம் 3 க்கு விழுந்தது. நிறுத்தினோம், 12 க்கு ஏறியது. மூன்று தரம் செய்து பார்த்தோம். பிறகு சேர்வரைத் தட்டிலிருந்து இறக்கி நிலத்தில், இறப்பர் விரிப்பின் மேல் வைத்து மெஷினைப் போட்டோம். 12 இல் அசையாமல் நின்றது.

டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 7200 தரம் சுழல்கிறது. அதன் மேல் நிற்கும் ஊசி மிக மிக ஒடுங்கிய வரியைப் பிடித்தபடி இருக்கவேண்டும். அதிர்வில் சற்று விலகினால் எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்கும். ஒரு சுற்று 8 மில்லிசெக்கன். ஒவ்வொரு தரமும் தவறினால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். 2008 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த பிரெண்டன் கிரெக் என்பவர், டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டிக்கு முன் நின்று உரத்துக் கத்தி, அதனால் டிஸ்க்குகள் தாமதிப்பதை வரைபடத்தில் காட்டிய ஒளிப்பதிவு உலகம் முழுக்கப் பரவியது. 2016 செப்டெம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ற் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் கணனி நிலையத்தில் தீயணைப்பு வாயுவைப் பரிசோதித்தபோது, வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி, சுமார் பத்து மணித்தியாலம் வங்கிச் சேவைகள் தடைப்பட்டன. நமது மெஷினுக்கு ஒரு சுவர் எம்மாத்திரம்.

சேர்வருக்கென்று செய்யப்படும் டிஸ்க்குகள் பலவற்றில் அதிர்வை உணர்ந்து ஈடுசெய்யும் உணரிகள் இருக்கின்றன. பழைய மூன்றிலும் இருந்தன. நான் வாங்கிப் போட்ட மலிவு டிஸ்க்கில் அதுவும் இல்லை. குற்றம் இரண்டு, குற்றவாளி ஒருவர்தான். வாங்கியவரையும் சேர்த்தால் இருவர்.

அதை மாற்றும் வேலையில் ஒரு கண்டம் இருக்கிறது, கவனிக்கவும். மெதுவான டிஸ்க்கைக் கழற்றியதும் மிகுதி மூன்றும் காப்பின்றி நிற்கும். புதியதைக் கட்டி முடிக்கும் வரை அந்த மூன்றையும் அடி முதல் நுனி வரை வாசிக்கவேண்டும். பழைய டிஸ்க் ஒன்று அந்த நேரத்தில் படுத்தால் எல்லாம் போய்விடும். ரெய்ட் இருக்கிறதே, பிரதி எதற்கு என்று கேட்பவர்கள் நமக்குள் நிறைய. 2023 ஒகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் வைரசினால் தாக்கப்பட்டபோது, மே நடுப்பகுதியிலிருந்து அதுவரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே அப்படி. நாங்கள் முதலில் இரண்டு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். ஒன்றை வீட்டுக்கு அனுப்பினேன், மற்றதைத் திறந்து பார்த்து, அந்த அம்மாவின் கணக்கு உட்படச் சில பில்கள் சரியாக வருகிறதா என்று சோதித்தோம்.

கொழும்பிலிருந்து அதே தரத்து சேர்வர் டிஸ்க் ஒன்று வந்தது. புதிய சேர்வருக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போட்டோம். ஜெனரேற்றருக்கு டீசல் நிரப்பி வைத்து, நானும் மருமகனும் பாய் விரித்துக் கடையிலேயே படுத்தோம். எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் ளுஹருக்குக் கொஞ்சம் முன் வேலை முடிந்தது. கமராக்களுக்குத் தனியாக ஒரு பதிவுப் பெட்டி வாங்கினேன். பில்லுக்கும் கமராவுக்கும் ஒரே டிஸ்க் என்பது, கெஷியர் மேசையில் சீமெந்துப் பை இறக்குவது போன்ற வேலை. பழைய ஓட்டு டிஸ்க்கை வீசவில்லை. ஒரு பெட்டியில் போட்டு இரவுப் பிரதிக்குப் பாவிக்கிறேன். அதற்கு அது போதும்.

இப்போது பில் அமத்தினால் இரண்டு செக்கன். இரவுப் பிரதி இருபது நிமிடத்தில் முடிகிறது. கம்பி வெட்டும் மெஷின் பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. இரண்டு தரம் பதிந்த பில்கள் வேறு உண்டா என்று தேடியதில் மேலும் ஏழு அகப்பட்டன. ஏழு வீட்டுக்கும் நானே போய்த் துண்டைத் திருத்திக் கொடுத்தேன். அதில் இருவர் காசையே கட்டிவிட்டிருந்தார்கள், திருப்பிக் கொடுத்தேன்.

பையனிடம் அடுத்த திங்கட்கிழமை, ஏசியபோது நின்ற வேலையாட்கள் எல்லோரும் இருக்கும்போதே, பிழை என்னுடையது என்று சொன்னேன். "பரவாயில்லை முதலாளி" என்றுவிட்டு அடுத்த ஆளுக்குப் பில் போடத் திரும்பினான். நேரம் எழுதும் கொப்பி மட்டும் இன்னும் அவன் மேசையில்தான் இருக்கிறது.